வட்டுக்கோட்டையில் ஊன்றிய விதை

பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அங்கே வட்டுக்கோட்டையில் அவர்கள் விட்டுப்போன தேவாலய வளாகத்தில் 1823இல் அமெரிக்க மிஷன் ‘செமினரி’ என்ற ஓர் உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் டேனியல் பூர். மாசசூசெட்ஸில் 1789இல் பிறந்து, டார்ட்மவுத் கல்லூரியில் படித்து, 1816இல் யாழ்ப்பாணம் வந்தவர்.

கிறிஸ்தவ ஊழியர்களை உருவாக்கவே அவர் வந்தார். ஆனாலும் அவருடைய செமினரியில் ஆங்கிலம், கணிதம், வானியலோடு தமிழும் சமஸ்கிருதமும் பாடமாயின. 1829இல் ஒரு சந்திர கிரகணம் குறித்து அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பை பூர் மறுத்தார். கிரகணம் வந்தது, பூரின் கணக்கே சரியாயிருந்தது. அவர் வென்றதைவிட, ஊர்க் கணக்கை எண்ணுக்கு எண் எதிர்கொண்டு வாதிடத் தக்கதாக மதித்ததே பெரிது.

பிறகு மதுரையிலும் பள்ளிகள் நடத்தினார். 1855 பிப்ரவரியில் மானிப்பாயில் காலரா அவரைக் கொண்டுபோனது. அதே ஆண்டு செமினரியும் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற மாணவர்கள் திருச்சபைப் பணியைவிட அரசாங்க வேலையை நாடியது மிஷன் தலைமைக்குப் பிடிக்கவில்லை.

பணி அத்தோடு முடிந்ததாகவே அன்று தோன்றியிருக்கும். ஆனால் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாத பிள்ளையும் சி.வை.தாமோதரம் பிள்ளையும் அந்த செமினரியில் படித்தவர்கள். தாமோதரம் பிள்ளை ஏடு தேடி, பிரதி ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஊழியர்களைத் தேடிய மிஷன், தமிழுக்குப் பதிப்பாசிரியரைத் தந்தது.

வட்டுக்கோட்டையின் பாடம், டச்சுக்காரர் கோட்டை எழுப்பிய பழவேற்காட்டுப் பகுதிக்கும் பொருந்தும். இன்று அங்கே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் பழவேற்காடு ஏரியில், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ வழக்கம் தலைமுறைகளாக இருந்துவருகிறது. முகத்துவாரம் மணல் மூடினால் ஏரி நீர் எப்படி மாறும், இறால் வரத்து எப்படிக் குறையும் என்பது மீனவர்களுக்குப் பட்டறிவு. பூர் பஞ்சாங்கத்தை எதிர்கொண்டது போல இந்த அறிவையும் வகுப்பறை நேருக்கு நேர் எதிர்கொள்ள வேண்டும்: தமிழில் கேட்டு, அளந்து பார்த்து, சரியானதை ஏற்று, தவறானதைத் திருத்தி. மீனவர் வீட்டுப் பிள்ளை அங்கே மாணவராக மட்டுமன்றி, சான்று சொல்பவராகவும் உட்கார வேண்டும்.

கல்லூரித் தலைவரின் பெருமையைக் கட்டடங்களிலும் சேர்க்கை எண்ணிக்கையிலும் தேடுவது நம் பழக்கம். வட்டுக்கோட்டை வேறோர் அளவுகோலைத் தருகிறது: தலைவர் எண்ணிப் பார்க்காத வேலையை, அவர் வளர்த்த கூடத்தின் மாணவர்கள் தம் மக்களுக்காகச் செய்து முடித்தார்களா?