கைகட்டி நிற்கும் பிரக்ஞை

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: எழுத்தாளனின் செயல் சுயவிசாரம் ஒன்றே, மற்றதெல்லாம் கோஷம் என்று. படிக்கச் சுகமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

கோவையில் இந்தச் சண்டை பழையது. 1971-ல் 'வானம்பாடி' விலையிலாக் கவிமடலாக இங்கிருந்து வந்தபோது, சமூகத்தைப் பாடுகிறவனுக்கு உள்ளே பார்க்கத் தெரியாது என்றார்கள். 'எழுத்து' வழி வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டவன் என்று இவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இரண்டுமே சோம்பேறித் தீர்ப்புகள். வானம்பாடிக் கவிதைகளில் பெரும்பகுதி உரத்த குரல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1959-ல் 'எழுத்து' தொடங்கிய செல்லப்பா யார்? சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றவர். சாய்வு நாற்காலிக்காரர்கள் அவரைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

இந்தப் பக்கம் ஞானி. வானம்பாடிகளோடு இருந்த மார்க்சியர். அகலிகையை எடுத்துக்கொண்டு 'கல்லிகை' எழுதியவர். கட்சி மார்க்சியர்கள் அவரைச் சந்தேகித்தார்கள். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார், 'நிகழ்' நடத்தினார். பார்வை போன பிறகும் பிறர் படிக்கக் கேட்டு, சொல்லி எழுதவைத்து, தமது பழைய முடிவுகளையே மறுபடி மறுபடி கேள்வி கேட்டார். 2020-ல் மறைந்தார். வேலையை நிறுத்திவிட்டு அவர் விசாரத்தில் உட்காரவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். நொய்யல் செத்ததைப் பற்றி ஏழு கவிதைகள் எழுதியவன் நான். ஒரத்துப்பாளையம் அணையைப் போய்ப் பார்த்தும் வந்தேன். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டியது. சாயக்கழிவு தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதே என்று விவசாயிகளே சொல்லும்படி ஆயிற்று. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் நடத்திய வழக்கினால். என் ஏழு கவிதைகளுக்கு அதில் பங்கில்லை.

எங்கள் தெருச் சாக்கடை வாய்க்காலில்தான் விழுகிறது. பக்கத்து வீட்டு பவுண்டரித் தொழிலாளி வந்து, "ஏனுங்க, ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றேன். மூன்று மாதம் யோசித்தேன். மனு என்பதே அதிகாரத்தின் மொழிக்குப் பணிவதல்லவா என்றெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். (அதை இந்தப் பத்திரிகைக்கே அனுப்புவதாகவும் இருந்தேன்.) அதற்குள் பத்தாவது படிக்கும் அவர் மகள் எழுதிவிட்டாள். தெருவே கையெழுத்திட்ட தாளைக் கொண்டுவந்தார். இரண்டு எழுத்துப்பிழை. திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. கையெழுத்துப் போடுங்க, போதும்" என்றார்.