தாத்தாவின் மோரிஸுக்குப் புது அப்சார்பர்



பழைய கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் முதலில் என்ஜினைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்தது பெயின்ட். அப்சார்பர் பேச்சு கடைசியில்தான் வரும். ஆனால், அந்தக் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து வருபவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் முதல் வார்த்தையே "குலுக்கி எடுக்குது" என்பதுதான்.

எங்கள் வீட்டிலும் இந்த ஆண்டு இதே பேச்சுதான். எங்களிடம் இருப்பது 1962-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா, பழைய காராக வாங்கியது. ஜொகூரின் 'ஜே' எழுத்தில் தொடங்கும் அதே எண் பலகையோடு இன்னமும் இருக்கிறது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, "நாலு சக்கரத்துக்கும் புது டெலஸ்கோப்பிக் போட்டுடலாம்பா. நெடுஞ்சாலையில லாரி பக்கத்துல போகும்போது காடி அலையுது" என்றான். அப்பாவோ, "தாத்தா ஓட்டின மாதிரியே இருக்கணும். துளை போட்டு வெட்டுறதா இருந்தா அதைத் தொடவே வேணாம்" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. காலை நிகழ்ச்சியில் தினமும் நெடுஞ்சாலை விபத்துச் செய்தி வாசிக்கும் எனக்குத் தம்பியின் கவலை நன்றாகவே புரிந்தது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் அப்சார்பரின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துவாரங்கள் வழியாகத் தள்ளி, ஆட்டத்தைச் சூடாக மாற்றி வெளியே விடுகிறது. அப்சார்பர் செத்துப்போனால் சொகுசு மட்டும் குறைவதில்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய சக்கரத்தால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

இன்றைய காரில் அப்சார்பர் நீளமான குழாய் வடிவில் இருக்கும். மோரிஸ் மைனரில் அப்படி இல்லை. இரும்புப் பெட்டி ஒன்றும் அதிலிருந்து நீளும் ஒரு கையும் இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கை ஆடும். பெட்டிக்குள் இருக்கும் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். இதைத்தான் லீவர் அப்சார்பர் என்கிறோம். எண்ணெய் கொஞ்சம்தான் பிடிக்கும், பிஸ்டன் நகரும் தூரமும் குறைவு. அதனால் கரடுமுரடான பாதையில் சீக்கிரம் சூடேறி வலுவிழக்கும். செம்மண் சடக்கில் ஓடிய தோட்டத்துக் கார்களின் நிலையைச் சொல்லவா வேண்டும்!

இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவரே. 1948-இல் மைனர் வெளிவருவதற்குச் சற்று முன், மாதிரிக் கார் ஒல்லியாக இருக்கிறது என்று அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த வெட்டின் அடையாளம். 1960-இன் இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் தயாரானது. பிரிட்டிஷ் கார்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது இதுதான்.

தாத்தாவின் காரோடு நாங்கள் போனது கூலாயில் இருக்கும் ஒரு பட்டறைக்கு. எழுபதைத் தாண்டிய போர்மேன் அங்கிள் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "முன்னாடி இருக்கிறத கழட்டிப் போட்டுட்டா சக்கரம் எதுலமா நிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

அதுதான் மைனரின் சூட்சுமம். முன்பக்க லீவர் அப்சார்பரின் கை வெறும் அப்சார்பர் கை அல்ல. சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்தும் மேல் கையும் அதுவேதான். டெலஸ்கோப்பிக் போட்டாலும் ஒன்று, பழைய பெட்டியை வெறும் கையாக அங்கேயே விட்டுவைக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடாக உறுதியான வேறு கையைப் பொருத்த வேண்டும். பழைய பெட்டியின் தண்டு தேய்ந்திருந்தால், பக்கத்தில் எவ்வளவு விலையுயர்ந்த அப்சார்பரைப் போட்டாலும் சக்கரத்தின் ஆட்டம் போகாது.

பின்பக்கம் கதை வேறு. அங்கே அச்சைப் பிடித்திருப்பது பட்டை ஸ்பிரிங். அப்சார்பர் அடக்கும் வேலையை மட்டும் செய்கிறது. அதை மாற்றுவது எளிது. பழையது உட்கார்ந்திருந்த அதே போல்ட் துளைகளில் பிராக்கெட் பொருத்தலாம். பாடியில் புதிதாகத் துளை போட வேண்டியதில்லை.

ஆக, அங்கிள் சொன்ன முடிவு இது: முன்பக்க லீவர் இரண்டையும் கழற்றிச் சீல் மாற்றிப் புதுப்பிப்பது. பின்பக்கம் மட்டும் டெலஸ்கோப்பிக் போடுவது. கழற்றிய பின்பக்க லீவர்களுக்குக் கிரீஸ் தடவிப் பெட்டியில் வைத்துக்கொள்வது. நாளை யாராவது விரும்பினால் ஒரே நாளில் பழையபடி மாற்றிவிடலாம். தம்பியும் சரி என்றான். அப்பா மட்டும் அந்தப் பெட்டியைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது பின் இருக்கையில் உட்காரும் அம்மா, ஆயர் ஈத்தாம் தாண்டியும் தூங்கிக்கொண்டே வருகிறார்.

நம் மக்களுக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் மோரிஸ் மைனரும் ஆஸ்டின் ஏ40-யும் இன்றைக்கும் ஓடுகின்றன. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஓட்டிய மக்கள் அவர்கள். தமிழ்நாட்டில் நம் உறவுகள் ஏறிய அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழி வந்ததுதான். 2014 வரை தயாரானது. உதிரிபாகம் கிடைக்காத இடத்தில் இருப்பதைச் செப்பனிட்டே ஓட்டினார்கள். 'ஒரிஜினல்' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் இருந்தால், பணம் செலவழிப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். மேலே வந்து ஒரே மூச்சில் அடங்கினால் அப்சார்பர் உயிரோடு இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் கவனிக்க வேண்டும்.

லீவர் அப்சார்பரில் எண்ணெய் குறைந்திருக்கலாம். அதற்குரிய எண்ணெயை ஊற்றினாலே சில சமயம் சரியாகிவிடும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்துவிடுங்கள். உள்ளே போகும் ஒரு சிட்டிகை மணலே அதைக் கெடுத்துவிடும்.

மைனருக்குத் தனி சேஸி கிடையாது. எல்லாப் பாரத்தையும் பாடியே தாங்குகிறது. பிராக்கெட் உட்காரும் இடத்தில் துரு இருந்தால் முதலில் அதற்கு வெல்டிங் வேலை.

புது அப்சார்பரின் நீளம் முக்கியம். சக்கரம் முழுக்க மேலே ஏறும்போது அப்சார்பர் அடிவாங்கக் கூடாது, முழுக்கக் கீழே தொங்கும்போது அதுவே இழுபடவும் கூடாது. முக்கால் டன் எடையுள்ள காருக்குக் கனமான காரின் கேஸ் அப்சார்பரைப் போட்டால் முன்பைவிட அதிகமாகத்தான் குதிக்கும்.

எந்த மாற்றமானாலும் ஜே.பி.ஜே-யிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் பதில் நமக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, லீவர் அப்சார்பரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த போர்மேன்கள் ஜொகூரில் இன்று அதிகம் இல்லை. எங்கள் அங்கிளின் பட்டறையில் கற்றுக்கொள்ள ஒரு பையன்கூட இல்லை. அவர் பிரித்ததை என் தம்பி கைப்பேசியில் முழுக்கப் படம்பிடித்து வைத்திருக்கிறான். உங்களுக்குத் தெரிந்த போர்மேன் இருந்தால், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள், எழுதி வையுங்கள். உதிரிபாகத்தை எங்கிருந்தாவது வரவழைத்துவிடலாம். அந்தக் கைப்பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அடுத்த வாரம் சந்திப்போம்.