மழைக்கு முந்திய சிரமதானம்

புத்தளம் களப்பு வடக்கே போர்த்துக்கல் குடாவை நோக்கித் திறந்து, தெற்கே போகப்போக ஒடுங்கும் நீர்ப்பரப்பு. ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் விரிந்திருந்தாலும் பெரும்பகுதியில் ஆழம் ஒன்றிரண்டு மீற்றர்தான். கலா ஓயா அதன் வடபகுதியில், கடலோடு நீர் தாராளமாகக் கலக்கும் பக்கத்தில் வந்து சேர்கிறது. மீ ஓயா புத்தளம் நகரை ஒட்டி, நீரோட்டம் மந்தமான பக்கத்தில் விழுகிறது. கோடையில் அந்தப் பக்கத்து நீர் கடலைவிடக் கூடுதலாகக் கரிக்கும். புத்தளத்து உப்பளங்களுக்கு அந்த மந்தமே முதல். மாரியில் அதே மந்தம் பகையாகிறது. நகரத்துக் கான்கள் கொண்டுவந்து கொட்டுவது விரைவில் வெளியேறாது.

இக்கரையோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அதற்கு முந்திய வறண்ட மாதங்களில் தெருப்புழுதி, வாகன எண்ணெய், பொலித்தீன், மீன் கழிவு, மாட்டுச் சாணம் எல்லாம் நிலத்தில் சேர்ந்து கிடக்கும். முதல் இரண்டு மூன்று பெருமழைகளே அதில் பெரும்பகுதியை வழித்தெடுத்துப் போகின்றன. தொழிற்சாலைக் குழாயைச் சட்டத்தால் பிடிக்கலாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதிப்பத்திர முறை உண்டு. ஆயிரம் முற்றங்களிலிருந்து வழியும் நீருக்கு யாருடைய அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வது? அயலவரின் உழைப்பு தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

அந்த உழைப்புக்கு இலங்கையில் இரு மொழிக்கும் பொதுவான பெயர் இருக்கிறது: சிரமதானம். 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கம் அச்சொல்லை நாடெங்கும் பரப்பியது. இன்று கரையோரத்தில் அது பெரும்பாலும் செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமையின் கடற்கரைத் துப்புரவாகச் சுருங்கிவிட்டது. அதில் தவறில்லை. ஆனால் கரையில் பொறுக்கும் போத்தல்களில் பல கான் வழியாக வந்தவை. அதே கைகள் அதே மாதத்தில் நகரத்துக் கான்களில் இறங்கினால் மழைக்கு முன்பே பாதி வேலை முடியும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. அள்ளிய சேற்றைக் கான் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். ஏற்றிச் செல்ல உள்ளூராட்சி மன்றத்தின் வண்டி வராத சிரமதானம் படத்துக்கு மட்டுமே உதவும்.

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் தொண்டர்கள் தெருவோர வடிகால் வாயருகே ‘இது ஆற்றுக்குப் போகிறது’ என்ற பொருளில் எழுதிவைப்பது வழக்கம். அங்கே வடிகால் நிலத்தடியில் மறைந்திருப்பதால் அது தேவை. புத்தளத்தில் திறந்த கான் களப்பில் விழுவதைச் சிறுபிள்ளையும் அறியும். இங்கே குறை அறிவில் இல்லை. குப்பையைப் போட வேறு இடம் இல்லாததில்தான்.

கற்பிட்டிக் குடாநாட்டின் கதை வேறு. அங்கே சொல்லும்படியான ஓடையே இல்லை. மழை மணலுக்குள் இறங்கும்போது காய்கறித் தோட்டங்களுக்கு இட்ட உரமும் கூடவே இறங்குகிறது. கிணற்று நீரில் நைத்திரேற்று குடிநீர் எல்லையை மீறியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. இதைத் துடைப்பத்தால் தடுக்க முடியாது; தோட்டக்காரர் உரத்தைக் குறைத்தால்தான் உண்டு.

பொதுநீரைக் கூட்டாகக் காத்ததற்குப் புத்தளம் மாவட்டத்தின் வலுவான சான்று எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. 1980களில் சிலாபம் முதல் முந்தல், புத்தளம் வரை ஒல்லாந்தர் கால்வாயையும் களப்புகளையும் சூழ இறால் பண்ணைகள் பெருகின. கண்டற்காடுகளை அழித்து வந்தவையும் அவற்றில் உண்டு. பண்ணைகள் நீர் எடுத்ததும் கழிவுநீர் விட்டதும் ஒரே கால்வாயில். 1996இல் வெண்புள்ளி நோய் அவற்றைத் தாக்கியபோது நோய் அந்த நீரோடு பண்ணைக்குப் பண்ணை பரவியது. பின்னர் பண்ணையாளர் சங்கங்களும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் சேர்ந்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடுவது என்று பயிர்நாட்காட்டி வகுத்தன. இது தொண்டு அல்ல. பக்கத்துப் பண்ணையின் கழிவு தன் குளத்துக்குள் வரும் என்ற அச்சம். ஆனாலும் ஒரு நாள் துப்புரவுகளைவிட நெடுங்காலம் நின்றது அந்த அச்சம்தான்.

மழைநீரின் சேற்றை வடித்துத் தேக்கும் கண்டல்களை மீள நடுவதிலும் இதே வேறுபாடு தெரிகிறது. இலங்கையின் 23 கண்டல் நடுகை இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்று இடங்களில் மட்டும். அவற்றில் கற்பிட்டியும் சிலாபத்தை அடுத்த பம்பலையும் இம்மாவட்டத்தவை. நட்ட பின் பராமரித்த இடங்களே தேறின. குப்பையைப் பிடிக்கக் கானின் வாயில் கட்டும் கம்பிவலைக்கும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் எடுத்து உதறாவிட்டால் குப்பை வலையை அடைத்துத் தண்ணீர் தெருவுக்கு ஏறும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தவர் முதலில் பிடுங்கி எறிவது அந்த வலையைத்தான்.