மரவீட்டுக்கு என்ன விலை?

நாஞ்சில் நாட்டில் மரத்தால் கட்டிய பழைய அறப்புரை வீடு ஒன்று விலைக்கு வந்தால், வாங்க வருகிறவர் மனைக்கு சென்ட் கணக்கில் ஒரு விலை சொல்வார். வீட்டுக்கு? பிரித்தால் எத்தனை கன அடி தேக்கு, அயனி தேறும் என்பதுதான் பேச்சு. குடியிருக்கும் வீடாக அதற்கு மதிப்பே கிடையாது. பெரிய அநியாயம் இது.

மரவீட்டை மதிப்பிட முதலில் குனிய வேண்டும். தக்கலைப் பக்கம் உறவினர் வீட்டில் நிலைக்காலின் அடியில் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். பளபளவென்று பெயின்ட் அடித்த மரத்துக்குள் விரல் நீளம் இறங்கிற்று. ஒரு முழம் மேலே குத்தினால் முனைகூட ஏறவில்லை. பிற்பாடு போட்ட சிமென்ட் தரை காலைச் சுற்றி ஏறி, ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது.

"இடிச்சிரலாம்ணு எல்லாரும் சொல்லுதாவ" என்றார் மைனி.

"தரைய மட்டும் ஒடச்சு எடுங்க மைனி. அடிய வெட்டி ஒட்டுப்போட ஒரு நல்ல ஆசாரி போதும்" என்றேன்.

பிறகு அண்ணாந்து பார்க்க வேண்டும். ஓடு ஒழுகினால் அதைத் தாங்கும் கழுக்கோல் போகும், அதன் பின்னால் கறையான் வரும்.

வெக்கை விஷயத்துக்கு வருகிறேன். செங்கல்லோடு ஒப்பிட்டால் மரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சூட்டைத்தான் கடத்தும். ஒன்றரை அங்குலப் பலகை ஏழரை அங்குலச் செங்கல் சுவர் அளவுக்கு வெயிலைத் தடுக்கும். பகல் சூட்டைக் குடித்துவைத்து ராத்திரி கக்குகிற வேலையும் அதற்கு இல்லை. கான்கிரீட் தளத்தின் கீழ் படுப்பவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவிலுள்ள வெற்றிடம் இன்னொரு காவல்.

பின்லாந்து போன்ற குளிர்நாடுகளில் தடிகளை அடுக்கிக் கட்டும் வீட்டில் இடுக்கு இருந்தால் அடுப்புச் சூடெல்லாம் வெளியே போய்விடும். ஆகவே இடுக்கு அடைபட்டிருக்கிறதா என்பது அங்கே முக்கியக் கேள்வி. நமக்கு நேர்மாறு, இங்கே காற்று ஓட வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் சித்திரை வெயிலில் நின்று பாருங்கள். சாய்த்து அடித்த மரச்சட்டங்கள் காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்துகின்றன. தலைநகரம் அங்கிருந்து 1795-இல் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் அந்த மரம் நிற்கிறதென்றால், பராமரிப்பு இருப்பதால்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது: ஏசி போட்டு வாழ நினைப்பவருக்கு இந்த வீடு ஒத்துவராது. குளிர்ந்த காற்று பலகை இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும்.

மற்றவர்கள், மர வியாபாரியைக் கூப்பிடும் முன் ஓர் ஆசாரியைக் கூப்பிடுங்கள். பழுதுபார்க்க என்ன ஆகும் என்று எழுதி வாங்கி, அதே அளவில் புது வீடு கட்ட ஆகும் தொகையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.