மருந்து வந்துவிட்டது, சோதனை வரட்டும்!

மஞ்சட்காமாலை என்றதும், மடுகரையானாலும் பாகூரானாலும், நம் மக்கள் முதலில் தேடுவது கீழாநெல்லியை! பழக்கத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால், காமாலையே காட்டாமல் இருபது, முப்பது ஆண்டுகள் உடலில் குடியிருந்து, ஈரலைச் சுருக்கிப் புற்றுநோய் வரை இழுத்துச் செல்லும் நோய் ஒன்று உண்டு. ஹெபடைடிஸ்-சி என்பது அதன் பெயர். கண் மஞ்சளாகட்டும் என்று காத்திருப்போர், காலங்கடந்தே விழித்துக்கொள்வர்!

ரத்தத்தின் வழியே பரவும் நோய் இது. ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டதால் வந்தது. சோதிக்காத ரத்தத்தை ஏற்றியதால் வந்தது. கிருமி இன்னதென்று கண்டறிந்ததே 1989-இல்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர் செய்த குற்றம் என்ன? உடன் உண்பதாலோ, தொட்டுப் பழகுவதாலோ இது ஒட்டாது. நோயாளியை ஒதுக்குவது அறியாமை, அநீதியுங்கூட!

முன்பு இதற்கு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையுமே கதி. ஆறு மாதம், ஓராண்டு என்று காய்ச்சலும் சோர்வும் வாட்டும்; அப்படியும் குணமடைந்தோர் ஏறக்குறையப் பாதிப்பேரே. 2013-இல் அமெரிக்காவில் சோஃபாஸ்புவிர் வந்தது. விலை? மாத்திரை ஒன்று 1,000 டாலர்! 12 வாரத்துக்கு 84,000 டாலர்! உயிருக்கு விலை வைத்தனர் முதலாளிகள். 2014-இல் இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்றன; விலை சரிந்தது.

2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். ஈரல் சுருங்காதவருக்குச் சோஃபாஸ்புவிருடன் டக்ளாடாஸ்விர், சுருங்கியவருக்கு வெல்படாஸ்விர், வயிற்றில் நீர் கோக்கும் அளவுக்கு முற்றியவருக்கு ரிபாவிரினும் சேரும். பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். நூற்றுக்குச் சுமார் 95 பேர் குணமடைகின்றனர்!

பின் குறை எங்கே? நோய் இருப்பதே நோயாளிக்குத் தெரியவில்லை, அங்கேதான் குறை! எகிப்தைப் பாருங்கள். நத்தைக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசிகளாலேயே ஹெபடைடிஸ்-சி பரவிய நாடு அது. 2018, 2019-இல் ஏழே மாதங்களில் சுமார் 5 கோடிப் பேரைச் சோதித்தது. கண்டுபிடித்தவர்க்கு மருந்து தந்தது. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனமே பாராட்டியது. நைல் நதிக்கரையில் நடந்தது, பெண்ணையாற்றங்கரையில் நடவாதா?

ஏலம் விட்டு ஊர்களில் சாராயக் கடை திறக்கத் தெரிந்த புதுவை ஆட்சிக்கு, அந்தச் சாராயத்தால் மேலும் கெடும் ஈரலைக் காக்க வழி தெரியாதா? நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் ஊர்தோறும் முகாம் நடத்துக! விரல்நுனி ரத்தத்தில் முதற்சோதனை. அதில் அறிகுறி தெரிந்தால், கிருமி இன்னும் இருக்கிறதா எனக் காட்டும் அடுத்த சோதனை. கூலி இழந்து நகருக்கு அலையும் நிலை ஏழைக்கு வேண்டாம்.

மக்களுக்கும் ஒரு சொல்: எப்போதேனும் ரத்தம் ஏற்றிக்கொண்டீரா? பழைய ஊசி குத்தக் கண்டீரா? சோதனை கேளுங்கள்! கேட்பது பிச்சையன்று, உரிமை!