பூட்டிய அலுமாரியும் ஓர் இலவசப் பட்டியலும்

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமான வருடம், தமிழ் இலக்கிய வரலாற்று நூலொன்றைத் தேடி எமது கல்லூரி நூலகத்துக்குப் போனேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இல்லை" என்றார்கள். தோழி ஒருத்தியின் சாச்சியிடம் இரவல் வாங்கி, வாப்பா தந்த காசில் போட்டோப் பிரதி எடுத்துப் படித்தேன். இந்த வருடம் மூன்றாவது கண்ணாடி அலுமாரியிலுள்ள நூல்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தபோது, அதே நூலின் இரண்டு பிரதிகள் அடித்தட்டின் பின்வரிசையில் இருந்தன. ஒன்றை யாரும் விரித்த அடையாளமே இல்லை.

நூலகத்தை நவீனப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் புதிய கணினிகளும் குளிரூட்டிய அறையுமே எமது நினைவுக்கு வருகின்றன. அவை வந்தால் சந்தோஷம்தான். ஆனால் எம்மிடம் என்ன இருக்கிறது என்பதையே அறியாத நூலகத்துக்கு முதலில் வேண்டியது ஒரு பட்டியல். அதற்கு நன்கொடையாளர் எவரையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

நூலகங்களுக்கென்றே இலவச மென்பொருள்கள் உண்டு. 1999 இல் நியூசிலாந்தில் ஒரு சிறிய பிரதேசத்து நூலகங்களுக்காக உருவாக்கப்பட்ட 'கோஹா' இன்று உலகெங்கும் பயன்படுகிறது. மவோரி மொழியில் அச்சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருளாம். ஆனால் அதை நிறுவித் தொடர்ந்து பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். எமக்கு அப்படி யாரும் இல்லாததால் நாங்கள் நால்வர் கூகுள் ஷீட்ஸில் தொடங்கினோம். நூலின் பெயர், ஆசிரியர், பொருள், அலுமாரி இலக்கம், தட்டு இலக்கம் ஆகிய ஐந்து நிரல்கள்தான்.

இலகு என்று நினைத்தோம். முதல் வாரத்தில் பாடசாலைக் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை இணையத்தில் ஏற்றினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து நின்றன. இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் மாற்றியொன்றின் மூலம் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றினோம். ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால் விபரம் தானாக வரும் என்றார்கள். ஆனால் எமது பழைய நூல்கள் பலவற்றில் அந்த எண்ணே இல்லை. எண் இருந்தாலும் இலங்கைத் தமிழ் நூல்களுக்கு வெளிநாட்டுத் தளங்களில் பெரும்பாலும் விபரம் கிடைக்கவில்லை. ஆகவே கையால்தான் எழுதினோம். அதிலும் எமது எழுத்தாளர்களின் பெயர்கள் படுத்திய பாடு! ஹனிபா, ஹனீபா, அனிபா. ரஹ்மான், றஹ்மான், ரகுமான். ஒருவரையே மூன்று பேராக்கிவிட்டோம். நூலின் அட்டையிலுள்ள பெயரை ஒரு நிரலிலும், தேடுவதற்குப் பொதுவான ஒரு வடிவத்தை இன்னொரு நிரலிலும் எழுதுவது என்று பின்னர் முடிவெடுத்தோம். ஐந்து நிரல் ஆறானது.

அலுமாரியில் இல்லாததற்கும் வழி உண்டு. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் என ஏராளமானவை மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. எமது சமூகத்தின் வெளியீடுகளும் அங்கே இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்களைத் தரவிறக்கலாம். இவற்றின் இணைப்புகளையும் பட்டியலின் கீழே சேர்த்திருக்கிறோம். ஆனாலும், எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கும்போது நூலகம் எதற்கு என்று கேட்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது உம்மாவின் தொலைபேசி ஒன்றுதான். மூவருக்கும் அது வேண்டும். டேட்டா முடிந்தால் அந்த மாத வாசிப்பும் முடிந்தது. நகரத்துப் பொது நூலகத்துக்கு டியூஷன் முடிந்து போய் மஃரிபுக்கு முன் வீடு திரும்ப முடியாத மாணவிகள் எம்மில் பலர். அவர்களுக்குப் பாடசாலை அலுமாரியை விட்டால் வேறு நூலகம் இல்லை.

நான் செய்த ஒரு தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரவல் வாங்கியவர்களின் பெயர்களையும் அதே பட்டியலில் எழுதி, இணைப்பை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். மனச்சோர்வு பற்றிய நூலொன்றை எடுத்திருந்த மாணவியிடம் அன்று இரவுக்குள்ளேயே இருவர், "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அவள் அந்த நூலைத் திருப்பித் தந்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன், அவளும் பரவாயில்லை என்றாள். அதற்குப் பிறகு அவள் நூலகத்துக்கு வந்ததில்லை. இப்போது இரவல் விபரம் வேறொரு கோப்பில், பெயருக்குப் பதிலாக இலக்கத்துடன் இருக்கிறது. அதைத் திறக்க முடிந்தவர் பொறுப்பாசிரியை மட்டுமே. நூற்பட்டியலை யாரும் பார்க்கலாம், திருத்த முடியாது. இந்த ஒழுங்கை முதல் நாளே செய்திருக்கலாம், பத்து நிமிட வேலை.

இனி, சாவி. கணக்கெடுப்பில் ஒரு நூல் குறைந்தாலும் பொறுப்பாசிரியைதான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அலுமாரி பூட்டியே கிடக்கிறது. அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. யாரிடம் எது இருக்கிறது என்பது உடனே தெரியவந்தால் அந்தப் பயம் குறையும் என்று நினைக்கிறேன். அப்படியும் ஒன்றிரண்டு தொலையத்தான் செய்யும். ஆண்டுக்கு இத்தனை நூல்கள் தொலைந்தால் அதைத் தாமே ஈடுசெய்வதாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்றுக்கொள்ளக் கூடாதா? இதை வாசிக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

நான்கு அலுமாரிகள் முடிந்துவிட்டன. ஆங்கில நூல்களும் அரபு நூல்களும் மிச்சமிருக்கின்றன. எனக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. உம்மாவும் தினமும் அதை ஞாபகப்படுத்துகிறார். தரம் 12 மாணவிகள் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரபு எழுத்துகளைத் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒருவரும் வேண்டும். திங்கட்கிழமைகளில் இடைவேளைக்குப் பின் நூலகத்துக்கு வந்தால் போதும்.