கடல் காணப் புறப்படுமுன் எங்களிடம் சொல்லுங்கள்

வாழ்நாளில் ஒரு முறையேனும் கடலைக் காண வேண்டும், இராமேசுவரத்தில் நீராட வேண்டும் என்னும் ஆசை நம் மலை மக்கள் பலருக்கும் உண்டு. அது கைகூடும் காலம் பெரும்பாலும் முதுமையில்தான் வாய்க்கிறது. அதற்குள் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடன் வந்துவிடுகின்றன. மருத்துவர் தடுத்துவிடுவார் என்று அஞ்சிச் சொல்லாமலே புறப்படுவோர் உளர். மாத்திரை தீர்ந்தும், காலில் புண்ணோடும் அவர்கள் திரும்பி வருவதே எங்கள் கவலை. இதில் எங்கள் பங்கும் உண்டு. 'போக வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் மருத்துவரிடம் யார்தாம் மனம் திறப்பர்? பயணம் தவறன்று, சொல்லாமற் செல்வதே தவறு என்பது எங்கள் கருத்து.

முதலில் காலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அக்கரையில் மழையும் புயலும் மிகுதி. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. சித்திரை, வைகாசியின் வெயில் மலைக்காற்றில் பழகிய உடலுக்கு ஒவ்வாது. தை, மாசி உகந்தவை. ஆயினும் தை அமாவாசை நெரிசலை முதியோர் தவிர்ப்பது நன்று. போளூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் சென்று இரவு இரயிலேறினால் படுத்தபடியே செல்லலாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலம் வழியாக இரயில் தீவுக்குள்ளேயே செல்கிறது.

மருந்தைப் பயண நாள்களுக்கு மேல் ஐந்து நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டும் உடனிருக்கட்டும். அடிக்கடி சிறுநீர் வருமென்று பேருந்து ஏறும் நாளில் இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவோர் பலர். அது கூடாது, உண்ணும் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். காசநோய் மருந்தை ஒரு நாளும் விடலாகாது. இன்சுலினை மூடிய டப்பாவிலிட்டு, ஈரத்துணி சுற்றி, வெயில் படாமல் வையுங்கள். பனிக்கட்டியின்மேல் நேராக வைக்காதீர்கள்.

கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வெறும் வயிற்றோடு நீராடுவது பலர் வழக்கம். நீரிழிவு மருந்தை எடுத்துக்கொண்டு உண்ணாமல் வரிசையில் நின்றால் சர்க்கரை சட்டென்று தாழும். அன்றைய மருந்தை எவ்வாறு எடுப்பது என்று முன்னரே கேட்டறியுங்கள். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால் உடனே உண்ணச் சர்க்கரையோ வெல்லமோ மடியில் இருக்கட்டும். ஈரக் கல்தளம் வழுக்கும்; முதியவரின் கையை ஒருவர் பற்றியிருங்கள்.

உணர்ச்சி குறைந்த பாதத்திற்குச் சுடுமணலும் கிளிஞ்சலும் தெரியா. கரையில் செருப்பில்லாமல் நடவாதீர்கள். இரவில் உள்ளங்காலை வீட்டார் ஒருவர் பார்க்கட்டும். ஆறாத புண் உள்ளோர் கடலில் இறங்கலாகாது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நீரோட்டம் வலியது. அங்கே எவரும் நீராட வேண்டாம். கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதையும் மறவாதீர்கள்.

அண்மையில் அறுவைச் சிகிச்சை பெற்றோரும், நடந்தால் நெஞ்சு வலிப்போரும் சிறிது பொறுக்கத்தான் வேண்டும். அவர்களுக்கும் 'ஒருபோதும் இயலாது' என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. எப்போது இயலும் என்றே சொல்வோம். அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது, புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் சொல்லுங்கள். அந்த நாள்களுக்கான மருந்தைக் கணக்கிட்டுத் தருவது எங்கள் கடமை.